நடுங்காமல் உடலைச் சூடாக்க முடியுமா? முடியும், மூளை சொன்னால்

செல்லப்பிராணிக் கடைகளில் "வின்டர் ஒயிட்" என்ற பெயரில் விற்கும் ஹேம்ஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை 30, 40 கிராம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். சக்கரத்தில் ஓடும், கன்னத்துக்குள் விதைகளைத் திணித்துக்கொள்ளும், பஞ்சு போலச் சுருண்டு தூங்கும். அதற்கு வேறென்ன தெரியும் என்று தோன்றும், இல்லையா?

அதன் பூர்வீகத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது. மேற்கு சைபீரியாவிலும் வட கசக்ஸ்தானிலும் உள்ள புல்வெளிகள்தான் அதன் ஊர். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். கரடி போல மாதக்கணக்கில் படுத்துத் தூங்கி அதைக் கடத்திவிடும் வழக்கம் இந்த ஹேம்ஸ்டருக்கு இல்லை. பனிக்கு நடுவே வெளியே வந்து விதை தேடுகிறது. வெளியே மைனஸ் 30, உடலுக்குள் ஏறக்குறைய 37. வித்தியாசம் 67 டிகிரி!

இதை எழுதும் அறையில் குளிரூட்டி 22 டிகிரியில் ஓடுகிறது. நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

உருவம் சின்னதாக இருந்தால் குளிரைத் தாங்குவது இன்னும் கஷ்டம். சின்னக் கோப்பையில் ஊற்றிய கோப்பி, பெரிய பானையில் இருக்கும் கோப்பியைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். உடலும் அப்படித்தான். உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் சதையோடு ஒப்பிடும்போது வெளியே இருக்கும் தோலின் பரப்பு கூடுகிறது. வெப்பம் வேகமாகக் கசிகிறது. பனிக்கரடி போல அடி அடியாகக் கொழுப்பும் உரோமமும் சேர்த்துக்கொள்ள 30 கிராம் உடலில் இடமே இல்லை. ஆக ஒரே வழிதான் உண்டு: கசிகிற அளவுக்கு உள்ளேயே வெப்பத்தை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படி உருவாக்குகிறது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று யார் முடிவெடுக்கிறார்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். உடல் எடையைக் குறைக்கும் "கொழுப்பெரிக்கும்" மாத்திரைகளை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டவர் உங்கள் நண்பர் வட்டத்தில் யாராவது இருந்தால், அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நடுக்கம் போதாதா?

குளிர்ந்தால் நடுங்குகிறோம். தசைகள் வேகவேகமாகச் சுருங்கி விரிகின்றன. வெளியே ஒரு வேலையும் நடப்பதில்லை, செலவாகும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே விதை பொறுக்க முடியுமா? பருந்து வந்தால் ஓட முடியுமா? தசை சீக்கிரம் களைத்தும் போகும்.

1950களில் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஆய்வுக்கூட எலிகளைக் குளிர் அறையில் வைத்தால் முதல் சில நாள்கள் நடுங்குகின்றன. சில வாரங்கள் கழித்து நடுக்கம் குறைந்துவிடுகிறது. ஆனால் உடல் உருவாக்கும் வெப்பம் குறைவதில்லை! அப்படின்னா, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

தசையில் இருந்துதான் வருகிறதா என்று பார்க்க, எலிகளுக்குக் 'குராரே' கொடுத்தார்கள். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் நஞ்சு அது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தடுத்துவிடும். தசை அசையவே அசையாது. மூச்சுக்கூட இயந்திரத்தின் உதவியோடுதான். அப்படி இருந்தும், குளிருக்குப் பழகிய எலிகள் வெப்பத்தைக் கூட்டிக்காட்டின. பழகாத எலிகளால் அந்த அளவுக்கு முடியவில்லை. நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றியபோது, குளிருக்குப் பழகிய எலிகளின் உடல் உடனே சூடேறியது.

நடுங்காமல் வெப்பம் உண்டாக்கும் ஒரு தனி ஏற்பாடு உடலில் இருக்கிறது என்பது அதில் உறுதியானது. அது எந்த உறுப்பில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

தோள்பட்டைக்கு நடுவே ஓர் அடுப்பு

விடையை ஒருவர் 400 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் இயற்கை ஆய்வாளர் கான்ராட் கெஸ்னர், மலைகளில் வாழும் மர்மோட் என்ற பெரிய அணில் வகை விலங்கை ஆராய்ந்தபோது, அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பொருளைக் கண்டார். கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை என்று 1551ஆம் ஆண்டு எழுதிவைத்தார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பிற்காலத்தில் வந்தவர்கள் அதை ஏதோ ஒரு சுரப்பி என்று நினைத்தார்கள்.

அதுதான் பழுப்புக் கொழுப்பு.

நமக்குப் பழக்கமான கொழுப்பு வெள்ளை. அது சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பு அதற்கு நேர் எதிர். சேமித்ததை எரிக்கும் அடுப்பு. அதன் நிறத்துக்குக் காரணம் அதன் உயிரணுக்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். அவற்றில் இரும்புச் சத்து உண்டு. போதாததற்கு இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் வலை போலப் பின்னியிருக்கும். 1961ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர், வெப்பத்தை உருவாக்குவதே இதன் வேலை என்று முன்வைத்தார். இவ்வளவு சிறிய உறுப்பால் உடலையே சூடாக்க முடியுமா என்று பலர் நம்பவில்லை. 1978இல் கனடாவின் ஃபாஸ்டர், ஃப்ரிட்மன் என்ற இருவர், குளிருக்குப் பழகிய எலிகளில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்று அளந்து பார்த்தார்கள். நடுக்கமில்லாமல் உருவாகும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அந்தச் சின்ன உறுப்பிலிருந்து வருவது தெரிந்தது.

அந்த அடுப்பு எப்படி எரிகிறது? சரவாக்கில் உள்ள பாக்குன் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தேக்கிவைத்த தண்ணீர் விசைச்சுழலி வழியாகக் கீழே விழுகிறது, மின்சாரம் கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாம் சாப்பிட்ட உணவை எரித்து, அந்தச் சக்தியால் புரோட்டான்களை ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்கிவைக்கிறது. அவை மறுபக்கம் திரும்பும் வழியில் ஒரு குட்டிச் சுழலி. அது சுற்றும்போது 'ஏடிபி' உருவாகிறது. உடலின் எல்லா வேலைக்கும் அதுதான் பணம்.

பழுப்புக் கொழுப்பில் மட்டும் சுழலிக்குப் பக்கத்தில் இன்னொரு மதகு உண்டு. 'யூசிபி1' என்ற புரதம் அது. அது திறந்தால் புரோட்டான்கள் சுழலியைச் சுற்றாமல் சும்மா கொட்டிவிடும். ஏடிபி கிடைக்காது. தேக்கிவைத்த சக்தி முழுவதும் வெப்பமாகிவிடும். ஒரு பொறியாளர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார், அவ்வளவு விரயம். ஆனால் குளிரில் அந்த விரயம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

மதகு எப்போதும் திறந்தே இருந்தால் என்ன ஆகும்? சாப்பிட்டதெல்லாம் சூடாகவே போய்விடும். அதனால் சாதாரண நேரத்தில் அது பூட்டியே இருக்கிறது. பூட்டைத் திறக்கும் அதிகாரம் மூளைக்கு.

கட்டளை போகும் வழி

தோலில் இருந்து ஆரம்பிக்கலாம். தோலில் முடியும் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. பெயர் 'டிஆர்பிஎம்8'. 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக இருவருக்கும் 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாட்டி நெற்றியில் கோடாலித் தைலம் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அது அதன் வேலைதான். தைலத்தில் இருக்கும் மென்தால் அதை ஏமாற்றுகிறது. தோலின் வெப்பம் குறையவே இல்லை, ஆனால் "குளிர்கிறது" என்று செய்தி போய்விடுகிறது.

செய்தி முதுகுத் தண்டு வழியாக மேலே ஏறி மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸை அடைகிறது. உடல் வெப்பத்தின் கட்டுப்பாட்டு அறை அது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. குளிர்ந்தால் மூளை ஒரு சுவிட்சைப் போடுகிறது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது பிரேக்கில் இருந்து காலை எடுக்கிறது. உடல் இதமாக இருக்கும் நேரமெல்லாம், ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் இருக்கும் சில நரம்பணுக்கள் வெப்பம் உண்டாக்கும் பாதையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. குளிர்ச் செய்தி வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. அடக்கிவைத்திருந்த பாதை விழித்துக்கொள்கிறது. மூளைத்தண்டு வழியாகக் கட்டளை கீழே இறங்குகிறது. ஒரு கிளை தசைகளுக்குப் போய் நடுக்கத்தைத் தொடங்குகிறது. இன்னொரு கிளை பரிவு நரம்புகள் வழியாகப் பழுப்புக் கொழுப்புக்குப் போகிறது. பயந்தால் இதயத்தைப் படபடக்க வைக்கும் அதே நரம்பு மண்டலம்தான் இது.

காய்ச்சல் வந்தால் 32 டிகிரி வெயிலிலும் போர்வைக்குள் நடுங்குகிறோமே, ஏன்? டெங்கி வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பல் கிடுகிடுக்கும். கிருமியோடு உடல் போராடும்போது 'புரோஸ்டகிளாண்டின்' என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாகிறது. அது பிரேக்கைப் பிடித்திருக்கும் அதே நரம்பணுக்களைப் போய் அடக்குகிறது. குளிரே இல்லாமல் குளிர்க் கட்டளை கிளம்பிவிடுகிறது. பாரசிட்டமால் அந்த வேதிப்பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது, காய்ச்சல் இறங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, கட்டளை பழுப்புக் கொழுப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. நரம்பு நுனி அங்கே நோர்அட்ரினலினைச் சுரக்கிறது. உயிரணுவுக்குள் சேமித்துவைத்த கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிறது. அந்த அமிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அடுப்புக்கு எரிபொருள் அதுதான். இரண்டு, யூசிபி1 மதகின் பூட்டைத் திறக்கும் சாவியும் அதுதான். எரிபொருளே சாவி! எரிபொருள் வராமல் மதகு திறக்காது. கட்டளை நின்றால் எரிபொருளும் நிற்கும், மதகு மறுபடி மூடிக்கொள்ளும்.

1997இல் ஆய்வாளர்கள் யூசிபி1 மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றைத் திடீரென்று குளிரில் விட்டால் உடல் வெப்பம் சரிந்தது. படிப்படியாகக் குளிருக்குப் பழக்கினால் அவை பிழைத்துக்கொள்ளும் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் ஓயாமல் நடுங்கிக்கொண்டேதான்.

நரம்பே போதுமென்றால் ஹார்மோன் எதற்கு?

நரம்பு என்பது தொலைபேசி அழைப்பு மாதிரி. ஒருவரைக் கூப்பிட்டு, இப்போதே இதைச் செய் என்று சொல்லும். ஹார்மோன் வானொலி அறிவிப்பு மாதிரி. இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகும், அந்த அலைவரிசைக்குத் திருப்பிவைத்த உறுப்புகள் மட்டும் கேட்டுக்கொள்ளும். ஒலிபரப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறவளுக்கு இந்த உதாரணம்தான் தோன்றும், என்ன செய்வது.

வெப்ப விஷயத்தில் முக்கியமான அறிவிப்பு கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் இருந்து வருகிறது. அதன் ஹார்மோன் குறைந்தவர்களுக்கு எப்போதும் குளிரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். குடும்பத்தில் யாராவது ஒருவர் "ஃபேனை நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தைராய்டு ஹார்மோன் இல்லாத எலிகளைக் கடும் குளிரில் வைத்தால் அவை தாக்குப்பிடிப்பதில்லை. அவற்றின் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கட்டளையும் போகிறது. அடுப்புதான் சரியாகப் பற்றவில்லை.

ஏன்? தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது 'டி4' என்ற வடிவம். அது ஏறக்குறைய பச்சை அரிசி. சமைத்த சோறு 'டி3'. உயிரணுவின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும் வலிமை டி3க்குத்தான் அதிகம். டி4ஐ டி3ஆக மாற்ற ஒரு நொதி வேண்டும். 1983இல் சில்வா, லார்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதி பழுப்புக் கொழுப்புக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தூண்டிவிடுவது நரம்பு சுரக்கும் நோர்அட்ரினலின்.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். நரம்பு அடுப்பை மட்டும் பற்றவைக்கவில்லை. ஹார்மோனைச் சமைக்கும்படியும் அங்கேயே சொல்கிறது. இரத்தத்தில் டி3 அளவு பெரிதாக ஏறாது, இதயமும் மற்ற உறுப்புகளும் பழையபடியே இருக்கும், பழுப்புக் கொழுப்புக்குள் மட்டும் டி3 பொங்கி வழியும். அந்த டி3, இன்னும் நிறைய யூசிபி1 மதகுகளைக் கட்டும்படி உயிரணுவின் கருவுக்குச் சொல்லும். நரம்பு இல்லாமல் ஹார்மோன் சமைபடாது. ஹார்மோன் இல்லாமல் நரம்பின் கட்டளைக்குப் பலம் கிடையாது. அந்த நொதி இல்லாத சுண்டெலிகளுக்கு யூசிபி1 இருந்தும் குளிரைச் சரியாகத் தாங்க முடியவில்லை.

இப்போது மறுபடி ஹேம்ஸ்டர். சைபீரியாவில் குளிர் வந்த பிறகு அடுப்பைப் பெரிதாக்கத் தொடங்கினால் நேரம் போதாது. மைட்டோகாண்ட்ரியாவும் மதகுகளும் கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். குளிர் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்கு அது பார்ப்பது வெப்பநிலையை அல்ல, வெளிச்சத்தை. இலையுதிர் காலத்தில் இரவு நீள்கிறது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் அதிக நேரம் சுரக்கிறது. உடல் அதை "தயாராகு" என்று எடுத்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஹெல்ட்மையர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை 1981இல் காட்டினார்கள். ஹேம்ஸ்டர்களைக் குளிரில் வைக்கவே இல்லை. விளக்கு எரியும் நேரத்தை மட்டும் குறைத்தார்கள். அதற்கே பழுப்புக் கொழுப்பின் திறன் கூடியது. மெலடோனின் கொடுத்தபோதும் அதே விளைவு. குளிர்காலத்தில் இந்த ஹேம்ஸ்டரின் சாம்பல் நிற உரோமம் வெள்ளையாவதும் இரவு நீள்வதால்தான். "வின்டர் ஒயிட்" என்ற பெயர் அப்படி வந்தது. உங்கள் வீட்டு வரவேற்பறையில் இரவு 11 மணி வரை விளக்கு எரிந்தால், அங்கே இருக்கும் ஹேம்ஸ்டருக்கு அது முடிவில்லாத கோடைக்காலம்.

கட்டளையை நிறுத்திவைத்தால்?

அலாஸ்காவின் ஆர்ட்டிக் தரை அணில் வேறு கணக்குப் போடுகிறது. ஆண்டில் ஏழெட்டு மாதம் நிலத்தடி வளையில் உறங்கிவிடும். மூளை வெப்பநிலையின் இலக்கையே கீழே இறக்கிவிடுகிறது. எவ்வளவு கீழே? அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989இல் வெளியிட்ட அளவீடு: மைனஸ் 2.9 டிகிரி. வளையின் வெப்பம் இல்லை, அணிலின் உடல் வெப்பம். தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே, ஆனால் இரத்தம் உறையவில்லை.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த அணில் மறுபடி 36, 37 டிகிரிக்குச் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் விழித்திருந்து, பிறகு மீண்டும் குளிர்ந்துபோகும். அத்தனை குளிர்ந்த தசையால் ஆரம்பத்தில் நடுங்கக்கூட முடியாது. பரிவு நரம்புகள் முதலில் பழுப்புக் கொழுப்பைத்தான் எழுப்புகின்றன. நெஞ்சுப் பகுதி முதலில் சூடாகிறது. தசை ஓரளவு வெதுவெதுப்பான பிறகே நடுக்கம் சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து ஒரு துளி வெப்பம் கிடையாது.

அடுப்பு இல்லாதவர்களும் உண்டு

எல்லா விலங்குக்கும் பழுப்புக் கொழுப்பு உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். பன்றிகளின் மூதாதையர் ஏறத்தாழ 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு யூசிபி1ஐ இழந்துவிட்டனர். பன்றிக்குட்டிகள் பிறந்ததும் நடுங்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுப்பதும் அதனால்தான். யானையிடமும் திமிங்கிலத்திடமும் அது செயல்படும் நிலையில் இல்லை. பெரிய பானைக் கோப்பிக்கு அடுப்பு எதற்கு?

பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றிலும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உறவினரான கடல் நீர்நாய், அலாஸ்காவில் இருந்து கலிஃபோர்னியா வரை உறைய வைக்கும் பசிபிக் கடலிலேயே வாழ்கிறது. கடல் பாலூட்டிகளில் உருவத்தில் மிகச் சிறியவற்றில் ஒன்று. திமிங்கிலத்துக்கு இருக்கும் தடித்த கொழுப்புப் படலம் அதற்கு இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் அதன் ரகசியம் தெரிந்தது: தசைகளில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்களே புரோட்டானைக் கசியவிட்டுச் சூடாகின்றன, தசை அசையாமல் இருக்கும்போதுகூட. அந்த உருவத்துக்கு எதிர்பார்ப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் அதன் உடல் சக்தியைச் செலவழிக்கிறது. விலை? தினமும் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சாப்பிட வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 15 கிலோ சாப்பிடுவது மாதிரி!

தசையில் நடுக்கமில்லாமல் வெப்பம் உண்டாக்கும் இன்னொரு வழியும் உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமி தலைமையிலான குழு 2012இல் அதை விளக்கியது. 'சார்கோலிப்பின்' என்ற சிறு புரதம், தசைக்குள் கால்சியத்தை இறைக்கும் பம்புகளை வீணாக ஓடவைத்துச் சூடு கிளப்புகிறது. பறவைகளிடம் யூசிபி1 கிடையாது, அவையும் தசையைத்தான் நம்பியிருக்கின்றன. பர்ட் பாரடைஸில் நீங்கள் பார்க்கும் கிங் பெங்குவின்களின் குஞ்சுகளில், வெப்பத்தைக் கூட்டும் ஹார்மோன் கணையத்தில் சுரக்கும் குளுக்ககான்.

சரி, நம் உடலில்?

பிறந்த குழந்தைக்குச் சரியாக நடுங்கத் தெரியாது. தோள்பட்டைக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்போடுதான் பிறக்கிறது. பனியில் பிறக்கும் ரெயின்டீர் கன்றுக்கும் அப்படித்தான்.

வளர்ந்த பிறகு அது போய்விடும் என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். உண்மை தற்செயலாக வெளியே வந்தது. புற்றுநோயைத் தேட 'பெட்' ஸ்கேன் எடுக்கும்போது சிலருடைய கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் இரு பக்கமும் சமமாக ஏதோ ஒளிர்ந்தது. கட்டி இல்லை. குளிரான அறையில் காத்திருந்தவர்களிடம் அது அதிகம் தெரிந்தது. போர்வை கொடுத்து இதமாக உட்கார வைத்தால் மறைந்தது. நோர்அட்ரினலினின் செய்தியைத் தடுக்கும் புரொப்ரனலோல் மாத்திரை கொடுத்தாலும் மறைந்தது. ஹேம்ஸ்டரிடம் இருக்கும் அதே நரம்பு, அதே அடுப்பு! 2009இல் ஒரே மருத்துவ இதழில் ஒன்றாக வெளியான மூன்று ஆய்வுகள், பெரியவர்களுக்கும் பழுப்புக் கொழுப்பு உண்டு என்பதை உறுதிசெய்தன.

அதற்குப் பிறகுதான் சமூக ஊடகங்களில் ஐஸ் குளியல் காணொளிகளுக்கு ஓர் "அறிவியல் காரணம்" கிடைத்தது. அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஜப்பானில் இளையர்களைத் தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி அறையில் 6 வாரம் உட்காரவைத்தபோது பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது, உடல் கொழுப்பும் சற்றுக் குறைந்தது. கவனியுங்கள்: ஐஸ் தண்ணீர் இல்லை, 17 டிகிரி அறை. இரண்டு நிமிடம் இல்லை, 6 வாரம். பெரியவர்களிடம் இருக்கும் பழுப்புக் கொழுப்பின் அளவும் மிகக் குறைவு.

மாத்திரையில் கிடைக்குமா?

நரம்பின் கட்டளையை மாத்திரையால் போலி செய்ய முயன்றிருக்கிறார்கள். சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் மிராபெக்ரோன் என்ற மருந்து, பழுப்புக் கொழுப்பில் நோர்அட்ரினலின் தட்டும் அதே கதவைத் தட்டுகிறது. அதிக அளவில் கொடுத்தால் மனிதர்களின் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொள்வதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கூடவே இதயத் துடிப்பும் ஏறியது. நரம்பு ஒரே வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் செய்தியை, மாத்திரை ஊர் முழுக்க அறிவிக்கிறது. சிக்கல் அங்கேதான்.

இன்னொரு பொருள், கட்டளையைப் போலி செய்வதுகூட இல்லை. அணையையே உடைக்கிறது. பெயர் 'டிஎன்பி', முழுப் பெயர் டைநைட்ரோஃபீனால். முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், வியர்த்துக் கொட்டினார்கள், சிலர் இறந்தும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை எடைகுறைப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். மக்கள் அள்ளி வாங்கினார்கள். எடை குறைந்தது உண்மை. பார்வை கெட்டது, உயிர்களும் போயின. 1938இல் அமெரிக்க அதிகாரிகள் அது மனிதர் உட்கொள்ளத் தகாத பொருள் என்று அறிவித்தனர்.

ஆனால் இணையம் அதை மறுபடி உயிர்ப்பித்துவிட்டது. உடற்கட்டழகு, எடைகுறைப்பு என்ற பெயரில் வாங்கிச் சாப்பிட்ட இளையர்கள் பிரிட்டனில் இறந்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் அந்நாடு அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுப் பட்டியலில் சேர்த்தது.

டிஎன்பி செய்வது யூசிபி1 செய்யும் அதே வேலைதான்: சுழலியைச் சுற்றாமல் புரோட்டானைக் கசியவிடுவது. வித்தியாசம் இதுதான். யூசிபி1 பழுப்புக் கொழுப்பில் மட்டும் இருக்கிறது, நரம்பு சொன்னால் திறக்கிறது, சொல்வது நின்றால் மூடுகிறது. டிஎன்பி மூளை, இதயம், கல்லீரல், தசை என்று எல்லா உயிரணுக்களிலும் புகுந்து ஓட்டை போடுகிறது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மூளை பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கட்டளை மூளையிலிருந்து வரவே இல்லை. வியர்த்துத்தான் சமாளிக்கப் பார்க்கும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் வியர்வையும் சீக்கிரம் காயாது.

காய்ச்சல் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அது சரிசெய்வது மூளையில் கிளம்பும் கட்டளையை. இங்கே அப்படி ஒரு கட்டளையே கிடையாது. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. மருத்துவமனையில் உடலை வெளியிலிருந்து குளிர்வித்துக் கண்காணிப்பதுதான் சிகிச்சை. இணையத்தில் வாங்கிய எடைகுறைப்பு மாத்திரை சாப்பிட்டவருக்குக் கடும் வியர்வை, உடல் கொதிப்பு, வேகமான மூச்சு, படபடப்பு, குழப்பம் தெரிந்தால், தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.